முற்றுகைக்குள் ஒரு கிரயப்பத்திரம்



நிச்சயமற்ற காலத்தில் இறைவனின் ஆளுகை என்பது இக்கருத்தரங்கின் பொருள். யோபுவிலிருந்து தொடங்குவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். யோபுவைப் பற்றிப் பேச இங்கே பலர் இருக்கிறீர்கள். நான் எடுத்துக்கொள்வது எரேமியா நூலின் 32ஆம் அதிகாரம். ஒரு நிலக் கிரயத்தைப் பற்றிய அதிகாரம் அது.

சிதேக்கியா அரசனின் பத்தாம் ஆட்சியாண்டு, கி.மு. 588–587 அளவில் என்று கணக்கிடலாம். பாபிலோனியப் படை எருசலேமைச் சூழ்ந்து மண்மேடு எழுப்பிவிட்டது. நகரம் விழும் என்று சொன்ன எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அங்கே அவருடைய தந்தைவழி உறவினர் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர். தலைநகரையே வளைத்துவிட்ட படைக்கு அந்த ஊர் எம்மாத்திரம்? அப்படிப்பட்ட நிலத்துக்கு எந்தத் தரகராலும் ஆள் பிடிக்க முடியாது.

இது இறைவனின் கட்டளை என்று ஏற்று எரேமியா வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளி, இன்றைய அளவில் ஏறத்தாழ 200 கிராம், தராசில் நிறுத்துக் கொடுக்கப்படுகிறது. பத்திரம் எழுதப்படுகிறது, சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். முத்திரையிட்ட படி ஒன்று, திறந்த படி ஒன்று. இரண்டையும் மண்பாண்டத்தில் வைத்துப் பாதுகாக்கும் பொறுப்பு அவருடைய எழுத்தர் பாரூக்கிடம் ஒப்படைக்கப்படுகிறது. சாக்கடல் ஓரத்துக் குகையில் 1961இல் கிடைத்த பாபத்தா என்னும் யூதப் பெண்ணின் ஆவணங்களிலும் இந்த இரட்டைப் படி முறையைக் காண்கிறோம். அவை கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கிரயத்தின் சட்ட நடைமுறையை இவ்வளவு விரிவாகச் சொல்லும் பகுதி விவிலியத்தில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தீர்க்கதரிசி சைகையாக ஏதோ செய்து காட்டினார் என்று கடந்துபோக முடியாதபடி எடை, சாட்சி, முத்திரை எல்லாம் எழுத்தில் நிற்கின்றன.

இனித்தான் எனக்கு மிக முக்கியமான இடம். பத்திரம் முடிந்த பிறகே எரேமியா ஜெபிக்கிறார். வானத்தையும் பூமியையும் படைத்தவருக்குக் கூடாதது ஏதுமில்லை என்ற துதியோடு தொடங்கும் அந்த ஜெபம், நகரமே எதிரியின் கைக்குப் போகிறபோது நிலம் வாங்கச் சொல்கிறீரே என்ற முறையீட்டில் போய் நிற்கிறது. சந்தேகம் தீர்ந்த பின் அவர் கையெழுத்திடவில்லை. கையெழுத்திட்ட பிறகு கேட்கிறார். துக்க வீடுகளில் ‘எல்லாம் தேவ சித்தம்’ என்று சொல்லிக் கேள்விகளை அடைத்துவிடும் நம் வழக்கத்துக்கும் இதற்கும் வெகுதூரம்.

புத்தாண்டு ஆராதனையில் நாம் வாங்கி வரும் வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11க்கு நிலையான இடம் உண்டு. அதற்கு முந்தின வசனம் பாபிலோனுக்குரிய 70 ஆண்டுகளைப் பேசுகிறது என்பதை அட்டை சொல்வதில்லை. இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று அறிவித்தவர் எரேமியாவை எதிர்த்த தீர்க்கதரிசி அனனியா. கூட்டத்துக்குப் பிடித்த பேச்சும் அவருடையதாகவே இருந்திருக்க வேண்டும். எரேமியாவோ கி.மு. 597இல் சிறைபோனவர்களுக்குக் கடிதம் எழுதி, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணமுடித்து வையுங்கள், அந்தப் பாபிலோன் பட்டணத்தின் நலத்துக்காகவே ஜெபியுங்கள் என்றார். சிறைபோன யோயாக்கீன் அரசனுக்கு எண்ணெய் அளந்த கணக்கு பாபிலோனியக் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. அரசனே படி வாங்கி வாழ்ந்த ஊரில்தான் அந்தத் தோட்டங்களைப் போட வேண்டியிருந்தது.

ஒரு இடறலையும் மறைக்கக் கூடாது. இதே நூல் நேபுகாத்நேச்சாரை இறைவனின் ஊழியன் என்கிறது. ஆள்வோர் கையில் இந்த வாக்கு சிக்கினால் எந்தக் கொடுமைக்கும் தெய்வ முத்திரை குத்திவிடலாம்; வரலாற்றில் குத்தியும் இருக்கிறார்கள். ஆனால் இங்கே அதைச் சொல்பவர் அரண்மனைப் பிரசங்கி அல்ல. சொந்த அரசின் சிறைக்கு உள்ளானவர். பாபிலோனுக்கும் தவணை உண்டு என்பதையும் அவரே சொல்கிறார். இவ்விரண்டையும் விட்டுவிட்டு இறையாண்மை பேசும் கட்டுரையை நான் சந்தேகத்தோடுதான் வாசிப்பேன்.

வாங்கிய நிலத்தில் எரேமியா பயிர் செய்ததாக நூலில் ஒரு சொல்லும் இல்லை. நகரம் விழுந்தபின் அவரை வலுக்கட்டாயமாக எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தக்பானேசில் அவர் பேசுவதைக் கேட்கிறோம், பிறகு அவர் நம் பார்வையிலிருந்து போய்விடுகிறார். பலனைக் காணாமல் போனவரின் நம்பிக்கையை எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்விக்கு, இன்று வாசிக்கப்படும் கட்டுரைகளிலிருந்து பதிலையோ மறுப்பையோ எதிர்பார்க்கிறேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.