பொறை வேண்டும் மடல்



தசலக்ஷண பர்வத்தில் பேசுவதற்கு உத்தம க்ஷமை, மார்தவம், ஆர்ஜவம் எனப் பத்து அறங்கள் காத்திருக்க, வண்ணத்தாளை ஒட்டி, அச்சுப் பதித்து, வாழ்த்து மடல் செய்வதைப் பேசுவானேன் என்று சிலர்க்குத் தோன்றலாம். பள்ளிச் சிறுவர்க்குரிய கைவேலை அன்றோ இது என்றும் வினவலாம். பத்து அறங்களுள் முதலாவதான க்ஷமையோடு இக்கைவேலைக்கு நெருங்கிய உறவுண்டு என்பதே இவ்வுரையின் பொருள்.

பொங்கல் வந்தால் மேலூர்க் கடைத்தெரு முதல் மதுரை மாசி வீதிகள் வரை வாழ்த்து அட்டைகள் கயிற்றில் தொங்கிய காலம் நம்முள் பலர்க்கும் நினைவிருக்கும். சிவகாசியில் அச்சான அட்டைகள்; கரும்பும் பானையும் காளையும் ஒருபுறம், திரைப்பட நடிகர்கள் மறுபுறம். ஒட்டாத உறையிலிட்டுக் குறைந்த அஞ்சல் தலையோடு அனுப்புவர். அச்சிட்ட வாழ்த்து அட்டை என்னும் வழக்கமே மிகப் பழையதன்று. 1843-இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர், மடல் எழுத நேரமின்மையால், ஜான் கால்காட் ஹார்ஸ்லி எனும் ஓவியரைக்கொண்டு கிறிஸ்துமஸ் அட்டை ஒன்றை வரைவித்து ஆயிரம் படிகள் அச்சிட்டார். தாம் பயன்படுத்தியது போக எஞ்சியவற்றை ஒரு ஷில்லிங் வீதம் விற்றனர். நேரமின்மையிலிருந்து பிறந்த பொருள் அது. இன்று அந்நேரமும் சுருங்கி, ஒரு விரல் தொட்டால் இருநூறு பேர்க்கு ஒரே படம் போய்ச் சேர்கிறது. க்ஷமாவாணி நாளன்று காலையில் நம் கைபேசிகள் அவ்வாறே நிறைகின்றன. அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்க என்று இருநூறு பேரிடம் ஒருங்கே வேண்டுவோர், எவரிடம் எப்பிழைக்காக வேண்டுகின்றனர்?

நம் சமயத்தில் இதற்கு வேறொரு மரபு இருந்தது. மேற்கிந்தியச் சுவேதாம்பரர் பரியூஷணத்தின் நிறைவில் தம் ஆசாரியர்க்கு விஞ்ஞப்திபத்திரம் எனும் நீண்ட ஓவிய மடலை அனுப்பினர். ஆண்டு முழுதும் நிகழ்ந்த பிழைகளைப் பொறுத்தருள வேண்டுவதும், அடுத்த சாதுர்மாசத்திற்குத் தம்மூர்க்கு எழுந்தருள அழைப்பதும் அதன் பொருள். தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருளாக்கி, நிறைகுடம், அஷ்டமங்கலம், தீர்த்தங்கரரின் அன்னை கண்ட கனவுகள் ஆகியவற்றை முதலில் தீட்டுவர். பின் தம்மூர்த் தெரு, கடைகள், கோயில், மக்கள் என ஊரையே வரைவர். அதன்பின்னரே எழுத்து, இறுதியில் ஊரார் கையொப்பம்.

அவற்றுள் புகழ்பெற்றது 1610-இல் ஆக்ராச் சங்கத்தார் விஜயசேன சூரிக்கு அனுப்பிய மடல். ஜஹாங்கீரின் அரண்மனை ஓவியருள் ஒருவரான சாலிவாஹனர் அதைத் தீட்டினார். பரியூஷண நாள்களில் உயிர்க்கொலை கூடாது எனப் பேரரசர் பிறப்பித்த ஆணையைத் துறவிகள் பெறும் காட்சியும், அவ்வாணை பறையறைந்து அறிவிக்கப்படும் காட்சியும் அதிலுள. அகமதாபாத்தின் எல். டி. இந்தியவியல் நிறுவனத்தில் அது காக்கப்படுகிறது. 1830-இல் உதயபுரத்தார் அனுப்பிய மடலோ 72 அடி நீளம், பீகானேரில் உள்ளது. 72 அடி! பொறுத்தருள்க என்னும் ஒரு சொல்லுக்காக ஒரு நகரையே வரைந்தனர்.

நாமோ திகம்பர மரபினர். நம் முன்னோர் எழுதியது பனையோலையில். எனவே அச்சுருள் மடலை அப்படியே மேற்கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் பாத்ரபத வளர்பிறைப் பஞ்சமியில் தொடங்கி அனந்த சதுர்த்தசியில் நிறையும் பத்து நாள்களும், பௌர்ணமிக்கு மறுநாள் வரும் க்ஷமாவாணியும் நமக்கு உண்டு. அப்பத்து நாள்களில் நாளொரு மடலாகச் செய்தால் பத்துப் பேர்க்குப் பத்து மடல். இருநூறு வேண்டா.

இனிச் செய்முறை. முதலில் அச்சு. பள்ளிகளில் உருளைக்கிழங்கை இரண்டாக அறுத்து அச்சு வெட்டக் கற்பிப்பர். பர்வ நாளில் கிழங்கை இலையில் இட மறுக்கும் வீட்டில், அதனை விளையாட்டுக்காக அறுப்பது எவ்வாறு பொருந்தும்? வெண்டைக்காயை அறுத்தால் அழகிய பூ வடிவம் கிடைக்கும் என்பது உண்மையே. உள்ளே புழு இருப்பின் அதன் கதி என்ன? எழுத்தழிக்கும் ரப்பர் போதும். தேய்ந்துபோன ரப்பர்ச் செருப்பின் அடிப்பாகம் இன்னும் நன்று. பெரிய அச்சு வெட்டலாம். தானே உதிர்ந்த அரசிலையின் நரம்புப்புறத்தில் வண்ணம் தடவி அழுத்தினால், எந்தக் கைவினைஞரும் வெட்டவியலாத அச்சு. பழைய மரமுறுக்கு அச்சின் அடித்தட்டும் பயன்படும்; பாட்டி கண்டால் என்ன சொல்வார் என்பது வேறு.

அச்சு வெட்டுவோர் மறவாதிருக்க வேண்டுவது ஒன்று: வெட்டுவது இடவலம் மாறிப் பதியும். நம் சுவஸ்திகம் வலஞ்சுழியாக அமைய வேண்டுமெனின், ரப்பரில் இடஞ்சுழியாக வெட்டல் வேண்டும். மெல்லிய எண்ணெய்த்தாளில் பென்சிலால் வரைந்து, அதைக் கவிழ்த்து ரப்பர்மேல் வைத்துத் தேய்த்தால் படம் தானே மாறிப் பதியும், அதன்மீது வெட்டலாம். எழுத்துக்கும் இதுவே முறை.

இவ்விடத்தில் மேலூர் வட்டத்தவர் பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. மேலூரிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் உள்ள கீழவளவில், பஞ்சபாண்டவர் மலை என மக்கள் அழைக்கும் குன்றில், சமண முனிவர்க்கு உறைவிடம் அமைத்த கொடையைக் கூறும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ளது. கொடுத்தவர் தொண்டியைச் சேர்ந்தவர். கடற்கரையிலிருந்து இக்குன்றுக்கு வந்து கொடுத்திருக்கிறார். அக்கல்வெட்டில் எழுத்துகள் வலமிருந்து இடமாகவும் தலைகீழாகவும் அமைந்துள்ளன. கண்ணாடியில் காண்பது போன்ற எழுத்து. காரணம் எதுவாயினும், ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அவ்வெழுத்தை நம் பிள்ளைகளுக்குக் காட்டி, இதனை நேராக்கிப் படியுங்கள் எனப் பயிற்றலாம். அச்சு வெட்டும் கலை அப்போதே கைவந்துவிடும். சுற்றிலும் கல்லுடைப்பு நடந்தும் அக்குன்று எஞ்சியிருப்பது நம் நற்பேறு. அரிட்டாபட்டி, கருங்காலக்குடி, மாங்குளம், திருவாதவூர் எனச் சூழவுள்ள குன்றுகளையும் அவர்கள் காணட்டும். கருங்காலக்குடியில் அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரர் திருமேனி உள்ளது.

அடுத்து வண்ணத்தாள். கடையில் வாங்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக உள்ளன. அவற்றின் உறைகளும் ஓரங்களும் பூவேலைப்பாடு உடையவை. மதுரைக்கே உரிய சுங்குடியைத் தாளிலும் கொணரலாம்: சிவப்பு அல்லது கருநீலத் தாளின்மீது, பென்சிலின் பின்புற ரப்பரை வெள்ளை வண்ணத்தில் தோய்த்து வரிசையாகப் புள்ளியிட்டால் சுங்குடித் தாள். அப்புள்ளிகளைச் சுற்றிச் சிக்குக் கோலம் இழைத்தால் மற்றொரு தாள்.

அஹிம்சை நெறியினர் பொருள்களைத் தேர்வதிலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். உறையை அரக்கு முத்திரையிட்டால் அழகுதான். ஆயினும் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. சிராவகர்க்கு விலக்கிய பதினைந்து தொழில்களுள் அரக்கு வாணிகமும் ஒன்று. பட்டு நூல் கட்டுவதும் அத்தகையதே. பருத்தி நூல் போதும். கொச்சினீல் எனும் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பும் உண்டு. ஆதலின் வண்ணப் புட்டியின் மேலுள்ளதைப் படித்து வாங்குக. மஞ்சளும் காவிமண்ணும் ஐயத்திற்கு இடந்தரா. பசையை வீட்டிலேயே அரிசி மாவில் காய்ச்சலாம். அதில் மயில்துத்தம் கலப்பது பூச்சிகள் சாகவேண்டும் என்பதற்காகவே. அதனைத் தவிர்த்து, அன்றன்று வேண்டுமளவே காய்ச்சுக. மிச்சத்தை இரவு வைத்தல் கூடாது. விலங்கின் முடியாலான தூரிகைக்கு மாற்றாக நைலான் தூரிகை எங்கும் கிடைக்கிறது. பழம்பருத்தித் துணியை நான்காக மடித்து வண்ணத்தில் நனைத்தால் அதுவே அச்சுக்குரிய மைத்தட்டு. திகம்பர முனிவரின் மயிற்பீலி, மயில் தானே உதிர்த்த இறகாலானது. நம் மேசைமீதுள்ள பொருள்களையும் அவ்வளவுகோல் கொண்டே பார்ப்பது பொருந்தும்.

எதனை அச்சிடலாம்? கலசம், தாமரை, முக்குடை, அறவாழி, சுவஸ்திகத்தின் மேல் மூன்று புள்ளியும் பிறையும். தீர்த்தங்கரர் திருவுருவத்தை அச்சிடுதல் வேண்டா. மடல் ஓராண்டு பேழையில் இருக்கும். அதன்பின் குப்பைக்கூடைக்கோ கடலை பொட்டலத்திற்கோ போகும். அருகன் உருவம் அவ்வாறு போவதற்கு நாம் காரணமாகலாகாது. நம் சங்கங்கள் அழைப்பிதழ் அச்சிடும்போதும் இதனைக் கருதுதல் நன்று. ஆண்டுதோறும் பேசப்பட்டும் மாறாத வழக்கம் அது.

இனி, உள்ளே எழுதுவது. இங்கேதான் கைவேலை முடிந்து அறம் தொடங்குகிறது. மடலை அழகுறச் செய்தவர் பலரும் உள்ளே அச்சிட்ட வாசகம் ஒன்றை ஒட்டிவிடுகின்றனர். அதனினும் வெற்றுத்தாள் மேல். அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகள் என்பதில் அறியாமல் செய்ததை எழுதவியலாது. அறிந்து செய்தது ஒன்றையேனும் எழுதலாமே? பாகப்பிரிவினையில் கிணற்றடி நிலத்திற்காகப் பேச்சு முறிந்த அண்ணன் தம்பியர் நம்மிடையே இல்லையா? மணவிழாவில் வரவேற்கவில்லை என்று பதினைந்து ஆண்டாக வாசற்படி ஏறாத சம்பந்தியர் இல்லையா? வந்தவாசி, திண்டிவனப் பக்கத்துச் சிற்றூர்களில் ஒரே ஜினாலயத்தில் ஒரே நேரத்தில் நின்று வணங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பாராது திரும்புவோர் இல்லையா? நாம் சிறுபான்மையருள் சிறுபான்மையர். ஓர் ஊரில் இருபது வீடு. அவற்றுள் இரண்டு பேசிக்கொள்ளாவிடின் திருவிழாவே இரண்டுபடுகிறது.

நண்பர்க்கு மடல் செய்வது எளிது. பத்து மடலுள் ஒன்பது அவர்களுக்கே ஆகட்டும். பத்தாவது மடல் பேசாதிருப்பவர்க்கு. அச்சு வெட்ட ஒரு நாழிகை, தாள் ஒட்ட ஒரு நாழிகை, காய ஒரு நாழிகை. அவ்வளவு நேரமும் அவர் முகம் மனத்தில் நிற்கும். முதலில் அவர் செய்ததெல்லாம் நினைவுக்கு வரும். புள்ளியிட்டுக்கொண்டே இருந்தால், சிறிது சிறிதாகத் தான் செய்ததும் வரும். அதனை இரண்டே வரியில் எழுதுக. ஆனால் என்ற சொல் அவ்வரிகளில் வருதல் கூடாது. அச்சொல் வந்தால் அது வழக்குமன்ற மனுவாகிவிடும். குறளில் பொறையுடைமை என்னும் 16-ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்றனர். வீட்டுப் பெரியவர் எழுதும் இவ்விரண்டு வரியை அவர்கள் அருகிருந்து காண்பதும் பாடமே.

மறுமொழி வாராது போகலாம். உறை பிரிக்கப்படாமலே திரும்பியும் வரலாம். அதனால் பெறுநர்மேல் வருத்தம் கொள்ள இடமில்லை. க்ஷமை வேண்டுவது மட்டுமே அனுப்புநர் கடமை. அடுத்த ஆண்டு வேறொரு தாளில் வேறொரு மடல் செய்யலாம். அச்சுகளைக் கழுவி, நிழலில் உலர்த்திப் பேழையில் வைத்தால் பல ஆண்டு வரும்.

அஞ்சலைப் பற்றி ஒன்று. மடலின் உள்ளே மணி, கண்ணாடித் துண்டு முதலியன ஒட்டாதிருப்பின் முத்திரையிடும்போது கிழியாது. பிரதமையன்று கையில் கிடைக்க வேண்டுமெனின், வெளியூர் மடல்களைத் தசமிக்குள் அஞ்சலில் சேர்த்திடுக. உள்ளூர்ப் பத்தாவது மடலை நேரில் கொண்டு கொடுப்பதே முறை.