முடி கொட்டினால் காரணம் தேடுவோம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேடையிலிருந்து பார்த்தால் என் செட் நண்பர்கள் பலருடைய தலையில் விளக்கு வெளிச்சம் நன்றாகவே அடிக்கிறது! (சிரிப்பு) ஆகவே முடியைப் பற்றியே பேசுகிறேன்.

ஹாஸ்டல் தம்பிகளைக் கேட்டால், "போர் தண்ணிதாங்கண்ணா காரணம்" என்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் புல்தானா மாவட்டத்திலும் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டார்கள். அங்கே 2024 டிசம்பர் கடைசியிலிருந்து, ஷேகாவ் வட்டாரக் கிராமங்களில் 200க்கும் மேற்பட்டவர்களுக்குச் சில நாட்களிலேயே முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் அவர்களுடைய ரத்தத்தையும், சாப்பிட்ட ரேஷன் கோதுமையையும் சோதிக்க வைத்தார். செலினியம் மிக அதிகம், துத்தநாகம் குறைவு என்று 2025இல் சொன்னார். செலினியம் உடம்புக்குத் தேவையான சத்துதான். அளவு மீறினால் அதுவே முடியை உதிர்க்கும். வைட்டமின் ஏ-யும் அப்படித்தான்.

மெஷின் நின்றால் கண்ணில் பட்ட பார்ட்டையா மாற்றுகிறோம்? காரணம் தேடுகிறோம் இல்லையா? தலை விஷயத்தில் மட்டும் விளம்பரத்தைப் பார்த்து மாத்திரை வாங்கிவிடுகிறோம்!

தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. திடீரென்று அதிகமானால் இரண்டு மூன்று மாதம் பின்னோக்கிப் பாருங்கள். டெங்கு, டைபாய்டு, பிரசவம், பட்டினி டயட் எல்லாம் இவ்வளவு நாள் கழித்துத்தான் முடியில் தெரியும். ஆண்களுக்கு நெற்றி ஏறி, உச்சி காலியானால் பெரும்பாலும் பரம்பரை. அதை வைட்டமின் மாத்திரை நிறுத்தாது.

தலை முழுக்க மெலிந்தால் டாக்டரிடம் போங்கள். ஹீமோகுளோபின், இரும்பு இருப்பைக் காட்டும் பெரிட்டின், தைராய்டு, தேவைப்பட்டால் பி12, வைட்டமின் டி பார்ப்பார்கள். ஓசூரில் நைட் ஷிப்ட் முடித்துப் பகலெல்லாம் தூங்குகிறவர்கள் வெயிலையே பார்ப்பதில்லையே!

தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சீப்பிலும் முடி வருகிறது என்றால் எண்ணெயை மாற்றி என்ன பயன்? ரத்தத்தைச் சோதியுங்கள். முடி காட்டுவது சிவப்பு விளக்கு. கோளாறு உள்ளே இருக்கிறது.

முடிக்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரையிலும் கவனம் தேவை. அது மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் சோதனையைத் தவறாகக் குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. சாப்பிடுகிறவர்கள் சோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு வெகுதூரம் போக வேண்டாம். களி, கீரை, பயறு, கூடவே எலுமிச்சையோ நெல்லியோ. அப்போது இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது சேர்வது குறையும். பி12-க்குப் பால், முட்டை, மீன். காரணத்தைச் சரி செய்த பிறகும் முடி திரும்ப வளர ஆறு மாதமாவது ஆகும். பொறுமை வேண்டும்.