கட்டாகக் காப்பதா, ஏடாகக் காப்பதா?

ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்த நம் முன்னோர்க்கு இரண்டு கவலைகள் இருந்தன. எழுத்துப் பிழையாமல் எழுதுதல் ஒன்று. ஏடுகளின் வரிசை பிறழாமற் காத்தல் மற்றொன்று. எழுத்தெல்லாம் செம்மையாக இருந்தும், ஏடுகள் இடம் மாறிவிடின் நூல் பொருள் தராது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றியபோது, பல சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கியே அப்பணியை நிறைவேற்றினார். மூலத்தை உள்ளவாறே காப்பது எத்துணை அரிய தொழில் என்பதை அப்பெரியாரின் உழைப்பே காட்டும்.

அந்தக் கவலை ஏட்டோடு ஒழிந்ததன்று. இன்று வீட்டு அலுமாரிகளில் உறங்கும் டி.வி.டி. இறுவட்டுகளுக்கும் அது பொருந்தும். 1996 ஆம் ஆண்டில் யப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த இவ்வட்டு, அதன்பின் உலகெங்கும் பரவியது. திருமணம், அரங்கேற்றம், பாடசாலைப் பரிசளிப்பு விழா முதலியவற்றைப் படம்பிடித்தோர் இதிலேயே பதிந்து கொடுத்தனர்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். 2006 ஆம் ஆண்டில் அவ்வீட்டு மூத்த மகளின் திருமணம் நடந்தது. அன்று மணமக்களை வாழ்த்திப் பேசிய பாட்டனார் இன்று இல்லை. அவருடைய குரல் எஞ்சியிருப்பது அந்த ஒரு வட்டில் மட்டுமே. வீட்டிற் பதியப்பட்ட வட்டின் உள்ளே இருப்பதோ ஒரு சாயப் படலம். வெயிலும் வெப்பமும் ஈரமும் அப்படலத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும். புதிய கணினிகள் பலவற்றில் வட்டை இடும் கருவியே இல்லை. ஆகவே பிரதி செய்யும் கடமையைத் தள்ளிப்போடலாகாது. எவ்வாறு பிரதி செய்வது என்பதே கேள்வி.

வழிகள் இரண்டு உள. வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்துவைப்பது ஒரு வழி. இதனை வட்டுப் படிமம் என்பர்; ஐ.எஸ்.ஓ. என்ற பெயரும் வழங்கும். வட்டினுள் இருக்கும் கோப்புகளைத் தனித்தனியே ஒரு கோப்புறையில் இட்டுவைப்பது மற்றொரு வழி. முன்னது, கயிறும் சட்டமும் இட்டுக் கட்டிய சுவடிக் கட்டினை அப்படியே படியெடுத்தாற் போன்றது. பின்னது, கட்டை அவிழ்த்து ஏடுகளைப் பெட்டியில் இட்டாற் போன்றது.

இவற்றின் வேறுபாட்டை உணர, வட்டின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். வட்டில் தரவுகள் உள்ளிருந்து வெளியாகச் சுருள் வடிவிற் பதிந்துள்ளன. ஒவ்வொன்றும் 2,048 பைற்று கொள்ளும் சிறு கூறுகளாக அவை பிரிக்கப்பட்டுள்ளன. வீடியோ டி.எஸ். என்னும் கோப்புறையில் மூவகைக் கோப்புகள் இருக்கும். படமும் ஒலியும் அடங்கியவை வி.ஓ.பி. கோப்புகள், அவற்றுள் எதுவும் 1 கிகாபைற்றுக்கு மேற்படாது. எந்தக் காட்சி எந்தக் கூறில் தொடங்குகிறது என்று காட்டும் பொருளடக்கம் ஐ.எப்.ஓ. கோப்பு. அப்பொருளடக்கத்தின் மறுபடி பி.யு.பி. கோப்பு. பொருளடக்கம் முன்னும், படம் இடையும், மறுபடி இறுதியுமாக இவை வட்டில் ஒழுங்குபெற நிற்கும். ஒரு கீறல் இரண்டு பொருளடக்கங்களையும் ஒருங்கே அழித்துவிடாதிருத்தற் பொருட்டே அவை தள்ளித் தள்ளி வைக்கப்பட்டன.

படிமம் இந்த ஒழுங்கு முழுவதையும் கூறு கூறாகப் பெயர்த்து வைத்துக்கொள்கிறது. வட்டின் பெயரும், கோப்புகள் நின்ற இடமும் அதில் மாறுவதில்லை. மீண்டும் ஒரு வட்டு வேண்டுமாயின், அதிலிருந்து அவ்வாறே பதிந்துகொள்ளலாம். இரண்டு படலங்களையுடைய 8.5 கிகாபைற்று வட்டாயின், ஒரு படலம் முடிந்து மற்றது தொடங்கும் இடத்தைச் சில செயலிகள் தனியான சிறு கோப்பில் எழுதிவைக்கும். அதனையும் படிமத்தோடு சேர்த்தே காத்தல் வேண்டும்.

பழுதுற்ற வட்டுக்குப் படிமமே சிறந்தது. கோப்புகளைச் சாதாரணமாகப் பிரதி செய்யும்போது, படிக்கவியலாத ஓரிடம் வந்தால் அக்கோப்போடு வேலை நின்றுபோதலும் உண்டு. படிமம் எடுப்பதற்கென்று அமைந்த மீட்புச் செயலிகளோ, கெட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு அப்பாற் சென்று, நல்லனவற்றையெல்லாம் முதலில் எடுத்துவிடும். பின்னர்த் திரும்பிவந்து கெட்ட இடத்தை மீண்டும் மீண்டும் படிக்க முயலும். ஒரு கருவி படிக்க மாட்டாததை வேறொரு கருவி படித்தலும் உண்டு.

அங்ஙனமாயின் கோப்புறைக்குப் பயனே இல்லையா? உண்டு. திருமணப் படத்திலிருந்து பாட்டனாரின் வாழ்த்துரையை மட்டும் வெட்டியெடுத்து வெளிநாட்டிலுள்ள பேரனுக்கு அனுப்ப விரும்புவோர்க்குக் கோப்புறையே கைக்கு எளிது. ஓர் ஏடு கெட்டால் மற்றைய ஏடுகள் கண்முன் கிடக்கும். படிமத்தின் தலைப்பகுதி சிதைந்தாலோ, உள்ளே எல்லாம் இருந்தும், பயிற்சியில்லாதவர்க்கு ஒன்றும் திறவாது. மேலும், பழைய பென் ட்றைவ்கள் பல பாற் 32 என்னும் முறையில் அமைந்தவை. அம்முறை 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது. 4.7 கிகாபைற்று கொள்ளும் வட்டு நிரம்பியிருப்பின், அதன் படிமம் அங்கே நுழையாது. சிறு சிறு கோப்புகளோ இடர்ப்பாடின்றி நுழையும்.

ஆயினும் கோப்புறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. அதனைத் திறந்து கை வைப்பது எளிது. ஆதலின் கெடுப்பதும் எளிது. சிறிய ஐ.எப்.ஓ. கோப்பைக் கண்டு, இது எதற்கு என்று ஒருவர் நீக்கிவிடலாம். விளங்காத பெயர் என்று மற்றொருவர் மாற்றிவிடலாம். பின்னர்ப் படம் இருந்தும் பொருளடக்கம் பொருந்தாது. கோப்புறையை வெறும் தரவாக வட்டிற் பதிந்தாலும், வரிசை பிறழ்ந்து, தொலைக்காட்சியோடு இணைந்த கருவியில் அது ஓடாது போகலாம்.

இடத்தைச் சிக்கனஞ் செய்யலாம் என்று எண்ணி இவற்றுள் ஒன்றைத் தெரிதல் வேண்டா. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவினவே. தெரிவுக்குரிய காரணம் வேறு. படிமத்திலிருந்து கோப்புறையை எந்நேரமும் எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 8 வெளிவந்த 2012 ஆம் ஆண்டு முதல், அவ்வகைக் கணினிகள் படிமத்தை வேறு செயலியின் துணையின்றியே வட்டுப்போல் திறந்து காட்டுகின்றன. கோப்புறையிலிருந்தும் படிமம் செய்யலாம். ஆனால் அது புதிதாய்க் கட்டிய கட்டேயன்றி, பழைய கட்டு ஆகாது. ஆகவே மூலமாகக் காப்பதற்குப் படிமமும், எடுத்தாள்வதற்குக் கோப்புறையும் கொள்வதே முறை.

படிமத்தை எடுத்தவுடன் அதனைத் திறந்து, தொடக்கமும் நடுவும் இறுதியும் ஓடுகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். அதன் சரிபார்ப்பெண்ணைக் கணித்துக் குறித்துவைத்தலும் நன்று. ஆண்டுகள் கழிந்து அவ்வெண்ணை மீண்டும் கணிக்கும்போது அது மாறியிருப்பின், கோப்பு மாறியதென்று அறியலாம். விற்பனைக்கு வந்த திரைப்பட வட்டுகள் பிறர் உரிமை. அவை பற்றி 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் உண்டென்பதை மறத்தலாகாது. இங்கே கூறியவை அவரவர் வீட்டுக்கும் பாடசாலைக்கும் உரிய பதிவுகளைப் பற்றியனவே.

இறுதியாக ஒன்று. எம்முறையிற் காத்தாலும் ஓரிடத்தில் மட்டும் காத்தல் காவலன்று. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதவை மீளவில்லை. ஆதலின் படிமத்தின் ஒரு படி வீட்டு வன்தட்டிலும், ஒரு படி வேறொரு தட்டிலும், ஒரு படி வேற்றூரில் வாழும் உறவினர் கையிலும் இருக்கட்டும். பழைய வட்டையும் எறிந்துவிடாது உறையிலிட்டு நிழலில் வைக்கட்டும். பாட்டனாரின் வாழ்த்து, அவரைக் கண்டறியாத பிள்ளைகளின் செவிக்கும் அப்போதுதான் எட்டும்.