சினிமாவை டிகிரியா படிக்கலாமா? ப்ளஸ் டூ முடிச்சவங்களுக்கும், அவங்க வீட்டுக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

ஒவ்வொரு வருஷமும் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள்ல இருந்து நம்ம இன்பாக்ஸ்ல ஒரே மாதிரி மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். "அண்ணா, எனக்கு சினிமா படிக்கணும். வீட்ல இன்ஜினியரிங் சேரச் சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?" இந்த வருஷம் கூடவே ஒரு அம்மாவும் எழுதியிருந்தாங்க. "தம்பி, நீங்க இன்ஜினியரிங் படிச்சு நல்ல வேலைல இருக்கீங்க. என் பொண்ணுகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா"ன்னு. ரெண்டு தரப்புக்கும் சேர்த்துதான் இந்த எபிசோட்.

நான் சினிமா படிச்சவன் இல்ல. காலேஜ் காலத்துல என் ரூம்மேட்ஸ் ரெண்டு பேர் விஸ்காம். அவங்க ஷார்ட் ஃபிலிமுக்கு தெர்மாகோல் பிடிச்சு நின்னிருக்கேன், ராத்திரி 2 மணிக்கு எடிட் பார்த்திருக்கேன். வெளியில இருந்து கிட்டப் பார்த்த ஆள்னு வெச்சுக்கோங்க. அதனால இது படிப்போட விளம்பரமும் இல்ல, எச்சரிக்கையும் இல்ல. என்ன கிடைக்கும், என்ன கிடைக்காதுன்னு பேசுவோம்.

17 வயசுல உண்மையில என்னென்ன கதவு இருக்கு?

நிறைய பேர் சினிமா படிப்புன்னு சொன்னதும் புனேவைத்தான் நினைக்கறாங்க. பழைய பிரபாத் ஸ்டுடியோ இருந்த இடத்துல 1960-ல ஆரம்பிச்ச எஃப்டிஐஐ. அடுத்து கொல்கத்தாவுல 1995-ல வந்த சத்யஜித் ராய் இன்ஸ்டிட்யூட். ஆனா இந்த ரெண்டு இடத்துலயும் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு மாதிரி முக்கியப் படிப்புகள்ல சேரணும்னா ஏற்கெனவே ஒரு டிகிரி வேணும். ப்ளஸ் டூ முடிச்ச கையோட நேரா போக முடியாது. அதே சமயம் எந்தத் துறை டிகிரியா இருந்தாலும் அப்ளை பண்ணலாம். பி.காம்., பி.ஏ. தமிழ், பி.இ., எதுன்னாலும். நடுவுல ஒரு குறிப்பு: ஒலிப்பதிவுல ஆசை இருக்கறவங்க ப்ளஸ் டூல இயற்பியலை விட்டுடாதீங்க, புனேல அதைக் கேட்பாங்க. ஆஸ்கர் வாங்கின ரசூல் பூக்குட்டி இயற்பியல் படிச்சுட்டுத்தான் அங்க போனார்.

ப்ளஸ் டூ முடிச்சதுமே சேரக்கூடியதுன்னா, சென்னைல தரமணி இருக்கு. எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். நம்ம அப்பா அம்மா தலைமுறைக்கு 'அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்'னா உடனே தெரியும். 4 வருஷ இளங்கலைப் படிப்பு. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, இயக்கம் மற்றும் திரைக்கதை, படத்தொகுப்பு, டிஜிட்டல் இண்டர்மீடியட், அனிமேஷன்னு முதல் நாளே ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்துத்தான் உள்ள போகணும். அரசு நிறுவனம்கறதால தனியார் கல்லூரிகளோட ஒப்பிட்டா கட்டணம் ரொம்பக் குறைவு. இடங்களும் குறைவு.

அடுத்தது பி.எஸ்சி. விஸ்காம், 3 வருஷம். இங்கதான் குழப்பம் அதிகம். விஸ்காம் சினிமா டிகிரி இல்ல. வரைகலை, போட்டோகிராஃபி, விளம்பரம், தகவல் தொடர்புக் கோட்பாடு, டிவி தயாரிப்பு, இது எல்லாத்துக்கும் நடுவுல சினிமா ஒரு பகுதி. முதல் செமஸ்டர்ல சார்ட் பேப்பர்ல வரைஞ்சிட்டு இருக்கும்போது, "என்னடா இது, கேமராவையே கண்ணுல காட்டலையே"ன்னு உட்கார்ந்திருந்த பசங்களை நேர்ல பார்த்திருக்கேன். விளம்பரம், டிசைன் பக்கமும் ஆர்வம் இருக்கறவங்களுக்கு அது நல்ல படிப்பு. சினிமா மட்டும்தான் வேணும்னா சிலபஸ் பேப்பரைப் படிச்சுட்டு சேருங்க.

ஆக, "இன்ஜினியரிங்கா சினிமாவா"ன்னு வீட்ல சண்டை போடறீங்க இல்லையா, அந்தக் கேள்வியே முழுசா சரியில்ல. இன்னிக்கு ஒரு கதவு திறந்திருக்கு, 3 வருஷம் கழிச்சு இன்னொண்ணு திறக்கும். கேள்வி என்னன்னா, இப்பவே சேர்றதால கூடுதலா என்ன கிடைக்குது?

ஊமை விழிகள் கதை

இதுக்கு பதில் தேடணும்னா 1986-க்குப் போகணும். அந்த வருஷம் 'ஊமை விழிகள்' வந்துச்சு. விஜயகாந்த் நடிச்ச த்ரில்லர், சினிமாஸ்கோப். ஆபாவாணன் எழுத்து, ஆர்.அரவிந்தராஜ் இயக்கம். கேமராவுக்குப் பின்னாடி இருந்தது அடையாறு இன்ஸ்டிட்யூட்ல படிச்ச பசங்களோட ஒரு அணி. படம் பெரிய ஹிட். அதுக்கப்புறம் 'திரைப்படக் கல்லூரி மாணவர்கள்'ங்கறது தமிழ் சினிமால ஒரு அடையாளமாவே ஆச்சு. ஆர்.வி.உதயகுமார், ஆர்.கே.செல்வமணின்னு வரிசையா வந்தாங்க. அதே இன்ஸ்டிட்யூட்ல ஒளிப்பதிவு படிச்ச பி.சி.ஸ்ரீராம் 1987-ல வந்த 'நாயகன்' படத்துக்கு தேசிய விருது வாங்கினார்.

'ஊமை விழிகள்' டீமுக்கு காலேஜ் என்ன குடுத்துச்சு? லென்ஸ் பத்தின அறிவு குடுத்திருக்கும், சரி. அதைவிட முக்கியம், ஒருத்தரை ஒருத்தர் குடுத்துச்சு. இயக்குநர், கேமராமேன், எடிட்டர்னு ஆளாளுக்கு ஒரு வேலை தெரிஞ்ச, ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் நம்பற ஒரு செட். வெளியில இருந்து ஒத்தை ஆளா கோடம்பாக்கம் வர்ற ஒருத்தருக்கு அந்த செட் அமைய பல வருஷம் ஆகும்.

யூடியூப்ல கிடைக்காதது

"ப்ரோ, இப்போ எல்லாமே யூடியூப்ல இருக்கே"ன்னு கேட்பீங்க. பாதி உண்மை. நொடிக்கு 24 ஃப்ரேம்னா ஷட்டர் 1/48 பக்கம் ஏன் வைக்கறோம், ரெண்டு பேர் பேசற சீன்ல கேமரா கோட்டைத் தாண்டினா ஏன் குழப்பமாகுது, ஒரு பக்க ஸ்கிரிப்ட் சுமாரா ஒரு நிமிஷம்னு எப்படிக் கணக்கு போடறாங்க, இதெல்லாம் ஒரு வாரத்துல கத்துக்கலாம். இதுக்காக மட்டும் 3 வருஷ ஃபீஸ் கட்ட வேணாம்.

ஆனா ரெண்டு விஷயம் தனியா உட்கார்ந்தா வராது. ஒண்ணு, கட்டுப்பாடு. உலகத்தோட முதல் ஃபிலிம் ஸ்கூல்னு சொல்றது மாஸ்கோவுல 1919-ல ஆரம்பிச்ச ஸ்கூலைத்தான். அங்க குலெஷோவ்னு ஒரு வாத்தியார். உள்நாட்டுப் போர் நேரம், ஃபிலிம் ரோலுக்கே பஞ்சம். அதனால பசங்க ஃபிலிமே இல்லாம காட்சிகளை நடிச்சுப் பார்த்தாங்க, ஏற்கெனவே எடுத்த படங்களை வெட்டி ஒட்டிப் பார்த்தாங்க. உணர்ச்சியே இல்லாத ஒரு நடிகர் முகத்துக்குப் பக்கத்துல ஒரு கிண்ணம் சூப்பை வெச்சா அவருக்குப் பசின்னு தோணும், சவப்பெட்டியை வெச்சா சோகம்னு தோணும். எடிட்டிங்ல குலெஷோவ் எஃபெக்ட்னு நாம படிக்கறது இதைத்தான். இல்லாமையில இருந்து வந்த பாடம் அது.

நம்ம ஊர்லயும் ஃபிலிம் காலத்துல 400 அடி ரோல் ஒண்ணுன்னா நாலரை நிமிஷம்தான். 'ஆக்‌ஷன்' சொல்றதுக்கு முன்னாடி யோசிச்சே ஆகணும். இன்னிக்கு ஃபோன்ல 5 நிமிஷப் படத்துக்கு 6 மணி நேரம் ஷூட் பண்ணிட்டு, எதை எடுக்கறதுன்னு தெரியாம ஹார்ட் டிஸ்க்ல போட்டு வெச்சிருக்கற பசங்க எத்தனை பேர்! நல்ல காலேஜ் பண்ற வேலை, இல்லாத அந்தக் கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டு வர்றது. "10 ஷாட்தான், வெள்ளிக்கிழமைக்குள்ள, வசனம் கூடாது"ன்னு சொல்றது.

ரெண்டாவது, விமர்சனம். ஐடில இருக்கறவங்களுக்குப் புரியும். நாம எழுதின கோடை நேரா ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்ப மாட்டாங்க. சீனியர் ஒருத்தர் வரி வரியா பார்த்து, "இது ஏன் இங்க?"ன்னு கேட்பார். எரிச்சலா இருக்கும், ஆனா அதுலதான் வேலை கத்துக்கறோம். சினிமாவுக்கும் அதேதான். சொந்தக்காரங்களும் ஃப்ரெண்ட்ஸும் "சூப்பர்டா"ன்னுதான் சொல்வாங்க. "அந்தப் பையன் ஏன் அழறான்னு எனக்குப் புரியல"ன்னு முகத்துக்கு நேரா சொல்ல ஒரு வகுப்பறை வேணும்.

அப்போ படிக்காம வந்தவங்க?

கார்த்திக் சுப்பராஜ் சாஃப்ட்வேர் இன்ஜினியர். கௌதம் மேனன் மெக்கானிக்கல். மணிரத்னம் எம்.பி.ஏ. லோகேஷ் கனகராஜ் பேங்க்ல வேலை பார்த்தவர். உண்மைதான். ஆனா இதைச் சொல்லி, "பார்த்தியா, படிக்கவே வேணாம்"னு முடிக்கறது அவசரம். கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி மாதிரி ஆட்களுக்கு 'நாளைய இயக்குநர்' டிவி நிகழ்ச்சி இருந்துச்சு. அது என்ன பண்ணுச்சு? ஒரு டெட்லைன் வெச்சுது. படத்தை முடிக்க வெச்சுது. நடுவர்கள் முன்னாடி போட்டுக் காட்ட வெச்சுது. அதே மாதிரி படம் எடுக்கற நாலு பேரைப் பழக்கி விட்டுச்சு. ஒரு ஃபிலிம் ஸ்கூல் பண்ண வேண்டியது எல்லாத்தையும் அது வேற பேர்ல பண்ணுச்சு. அவங்க டிகிரி வாங்காம வந்தாங்க, பயிற்சி இல்லாம வரல.

அதனால என்னோட கருத்து இதுதான். சினிமா டிகிரியோட மதிப்பு சர்டிஃபிகேட்ல இல்ல. அந்த வருஷங்கள்ல நீங்க எத்தனை படம் முடிச்சீங்க, யார் கூட முடிச்சீங்கங்கறதுலதான் இருக்கு. கேம்பஸ் ப்ளேஸ்மெண்ட் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது. உதவி இயக்குநரா போனா முதல் சில வருஷம் சம்பளம்னு நம்பிக் கணக்கு போட முடியாது, பேட்டா மட்டும்தான்னு கூட ஆகும். எடிட்டிங், சவுண்ட், கலர், வி.எஃப்.எக்ஸ். பக்கம் கொஞ்சம் நிலையா வேலை இருக்கு. எஜுகேஷன் லோன் எடுத்துச் சேரப் போறீங்கன்னா இந்தக் கணக்கைக் கண்டிப்பா போடுங்க. டிகிரி முடிஞ்ச கொஞ்ச நாள்ல ஈ.எம்.ஐ. வரும், முதல் படம் வராது.

காலேஜ்ல கேட்க வேண்டிய கேள்விகள்

அட்மிஷனுக்குப் போகும்போது பில்டிங்கையும், ரிசப்ஷன்ல மாட்டியிருக்கற நடிகர் போட்டோவையும் பார்க்காதீங்க. இதைக் கேளுங்க.

ஒரு மாணவர் படிப்பு முடிக்கறதுக்குள்ள எத்தனை படம் முழுசா முடிக்கறார்? க்ரூப்ல பேர் போட்டுக்கற கணக்கு வேணாம், அவரே பொறுப்பேத்து முடிச்சது.

கேமராவும் எடிட் சிஸ்டமும் ஒரு மாணவருக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும்? பூட்டி வெச்ச அலமாரியில எவ்வளவு விலையுள்ள கேமரா இருந்தாலும் உங்களுக்கு உபயோகம் இல்ல.

ஃபைனல் ப்ராஜெக்ட் செலவு யாரோடது? ஃபீஸ் போக இன்னும் எவ்வளவு ஆகும்?

போன வருஷ பேட்ச் எடுத்த படங்களைக் காட்ட முடியுமா? காட்டத் தயங்கினா அதுவே பதில்.

முடிஞ்சா கேன்டீன் பக்கம் போய் ஃபைனல் இயர் பசங்ககிட்டயும் இதையே கேளுங்க. அங்க வர்ற பதில்தான் நிஜம்.

அந்த அம்மாவுக்கு

அம்மா, உங்க பயம் சம்பளத்தைப் பத்தி மட்டும் இல்லன்னு எனக்குப் புரியுது. நைட் ஷூட், வெளியூர், பொண்ணு. அது வீண் பயம்னு நான் சொல்ல மாட்டேன். மலையாள சினிமாவுல பெண்கள் நிலைமை பத்தி ஹேமா கமிட்டி அறிக்கை 2024-ல வெளிவந்தப்போ நாம எல்லாரும் படிச்சோம். ஆனா இந்தப் பயத்துக்காகத்தான் நான் காலேஜ் பக்கம் ஒரு ஓட்டு போடுவேன். யாரையும் தெரியாம தனியா ஒரு ஆபீஸ் வாசல்ல போய் நிக்கறதைவிட, தன்னோட பேட்ச்ல நாலஞ்சு பொண்ணுங்களைத் தெரிஞ்சு, ஒரு வேலையைக் கையில வெச்சுக்கிட்டு உள்ள போறது நல்லது. 2013 சட்டப்படி 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல உள் புகார்க் குழு இருந்தே ஆகணும்ங்கறதை அவளும் தெரிஞ்சிருக்கணும், நீங்களும் கேட்கணும். காலேஜ்லயும் அந்தக் குழுவுல யார் யார் இருக்காங்கன்னு கேளுங்க.

நான் அவகிட்ட "வேணாம்"னு சொல்லப் போறது இல்லம்மா. நீங்க அவகிட்ட, "நீ எடுத்த படத்தைக் காட்டு"ன்னு கேளுங்க. அவ இன்னும் எடுக்கலைன்னா, அவளுக்கும் இதைக் கேட்டுட்டு இருக்கற மத்த எல்லாருக்கும் ஒரு வேலை தர்றேன்.

அட்மிஷனுக்கு முன்னாடி இருக்கற லீவுல மூணு படம் எடுங்க. ஒவ்வொண்ணும் 3 நிமிஷம், ஃபோன்லயே. ஒவ்வொண்ணுக்கும் 10 நாள்தான். முதல் படம், ஒருத்தர் யாருக்காகவோ காத்திருக்கார், வசனம் கிடையாது. ரெண்டாவது, அதே ஃபுட்டேஜை வேற மாதிரி வெட்டி வேற கதை சொல்லணும், புதுசா ஒரு ஷாட்கூட எடுக்கக் கூடாது. மூணாவது, வேற ஒருத்தர் எழுதின கதையை நீங்க எடுக்கணும். உங்களுக்கு உறவு இல்லாத 5 பேருக்குப் போட்டுக் காட்டுங்க. நல்லா இருக்கான்னு கேட்காதீங்க. "என்ன நடந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டுட்டு வாயை மூடிட்டு எழுதிக்கோங்க.

படம் சுமாரா வந்தா பரவால்ல, இந்த வயசுல எல்லாருக்கும் சுமாராத்தான் வரும். மூணையும் முடிச்சீங்களாங்கறதுதான் பார்க்க வேண்டியது. மூணாவது முடிஞ்சதும் நாலாவது எடுக்கத் தோணுச்சுன்னா, நாலு கேள்வியையும் எடுத்துக்கிட்டு காலேஜ் தேடிப் போங்க. முதல் படத்துலயே நின்னுட்டா, இன்னொரு டிகிரி பண்ணுங்க, தப்பே இல்ல. படம் பாருங்க, எழுதுங்க, புனேவும் கொல்கத்தாவும் அங்கேயேதான் இருக்கும்.

எடுத்தா லிங்க் அனுப்புங்க மக்களே. "சூப்பர்"னு மட்டும் சொல்லாம ஒழுங்கா விமர்சனம் எழுதி அனுப்பறேன். அடுத்த வாரம் பார்ப்போம்.