மூத்த நிலையம் ராயபுரம்



சென்னையின் பழைய ரயில் நிலையம் எது என்றால் சென்ட்ரல் என்போம், இல்லையென்றால் எழும்பூர் என்போம். சென்ட்ரல் வந்தது 1873இல். எழும்பூர்க் கட்டடம் 1908இல். இரண்டுக்கும் மூத்தது வடசென்னையில் இருக்கிறது. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் பொதுமக்கள் ஏறினார்கள். ஆற்காட்டை அடுத்த வாலாஜா ரோடு வரை, ஏறக்குறைய 100 கிலோமீட்டர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அது.

ஏன் ராயபுரம்? அன்று சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். சரக்கையும் ஆட்களையும் மசூலா படகுகளில் ஏற்றி, பொங்கிவரும் அலைகளைத் தாண்டிக் கரைசேர்ப்பார்கள் நம் படகோட்டிகள். அந்தக் கரைக்கும், வணிகர்கள் நிறைந்த கறுப்பர் நகரத்துக்கும், கோட்டைக்கும் அருகில் ஓரிடம் வேண்டியிருந்தது. ராயபுரம் பொருந்தியது. ரயிலின் வரலாறு பேசும்போது ஆளுநர் பெயரைச் சொல்கிறோம். அந்தப் படகோட்டிகளையும் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

பம்பாயில் 1853இலும், ஹௌராவில் 1854இலும் ரயில் முன்பே ஓடிவிட்டது. ஆனால் அங்கே முதலில் எழுந்த நிலையங்கள் இன்று இல்லை. ராயபுரம் நிற்கிறது. கிரேக்க பாணித் தூண்கள் வரிசையாக நிற்கும் அந்த முகப்புதான் இந்தியாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம்.

பிறகு துறைமுகம் வளர்ந்தது, தடம் கடற்கரை நிலையம் நோக்கி நீண்டது, 1907இல் வெளியூர் வண்டிகள் சென்ட்ரலுக்குப் போயின. ராயபுரத்தில் இருந்த ரயில்வே கம்பெனியின் தலைமையகமும் 1922இல் இடம் மாறியது. கவனிப்பாரின்றிச் சிதைந்த கட்டடத்தை 2005இல்தான் புதுப்பித்தார்கள். இன்று அங்கே பெரும்பாலும் புறநகர் மின்ரயில்களே நிற்கின்றன. ராயபுரத்தை மீண்டும் முனையமாக்குங்கள் என்று வடசென்னை மக்கள் நெடுங்காலமாகக் கேட்கிறார்கள். அது நியாயமான கோரிக்கை. புழங்கும் கட்டடம்தான் நிலைக்கும், பூட்டிவைத்தால் பாழாகும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறுங்கள். அடுத்த நிலையம் ராயபுரம். இறங்கிப் பாருங்கள், வடசென்னையின் கோரிக்கைக்கு நம் சங்கமும் குரல் கொடுக்கட்டும்.