சீமைக்கும் நமக்கும் வியாபாரம்

(கச்சிராயபாளையத்தில் கரும்பாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



2025 ஜூலை 24 அன்று சீமையில் இந்தியாவும் பிரிட்டனும் ஒரு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இரண்டு பிரதமர்களும் அருகில் நின்றார்கள். இரு நாடுகளுக்கும் இடையே நடக்கும் வியாபாரம் ஆண்டுக்குச் சுமார் 5,600 கோடி டாலர் என்றும், 2030க்குள் இதை இரட்டிப்பாக்கப் போகிறோம் என்றும் நமது சர்க்கார் அறிவித்தது. சரக்கு மட்டுமல்ல, கம்ப்யூட்டர் வேலை, பாங்க், இன்ஷூரன்ஸ் போன்ற சேவைகளும் இந்தக் கணக்கில் சேரும்.

நமக்கு இதில் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நாம் கரும்பு வெட்டுகிறோம், நாற்று நடுகிறோம், மலையில் மரவள்ளி பிடுங்குகிறோம். சீமையில் போட்ட கையெழுத்து கள்ளக்குறிச்சி வரை வருமா?

முன்னே வந்திருக்கிறது. கல்வராயன் மலையில் மலையாளி மக்கள் கடுக்காய் பொறுக்குவது உங்களுக்குத் தெரியும். இந்த மாதிரி மலைகளில் பொறுக்கிய கடுக்காய் வெள்ளைக்காரன் காலத்தில் மூட்டை மூட்டையாகக் கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று, அங்கே தோல் பதனிடுவதற்காக. நம் மாட்டுத்தோலும் போயிற்று. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையிலே ஊறவைத்து, கடுக்காய்ச் சாறு ஏற்றி, பாதி பதனிட்ட நிலையில் லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே ஏலம் போட்டு விற்றார்கள். முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்களுக்கு பூட்ஸ் தைக்க இந்தத் தோலை வெள்ளைக்கார சர்க்காரே மொத்தமாக வாங்கிக்கொண்டது. பட்டை உரித்தவன், கடுக்காய் பொறுக்கியவள், தோல் தொட்டியில் இறங்கி நின்றவன், எல்லாரும் இங்கே. பூட்ஸ் தைத்த கூலியும் விற்ற லாபமும் அங்கே.

சுதந்திரம் வந்து இருபத்தைந்து வருஷம் வரை அதே கதைதான். பிறகு 1972ல் சீதாராமையா கமிட்டி சொன்னதைக் கேட்டு, 1973ல் இந்திய சர்க்கார் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. "தோலாக அனுப்பாதே, முடித்த சரக்காக அனுப்பு" என்றது. தோல் வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். ஆனாலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் செருப்பு, ஷூ தொழிற்சாலைகள் பெருகின. ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். கூலி போதுமா என்பது வேறு விஷயம். ஆனால் வேலை இங்கே நின்றது. வியாபாரம் தானாகக் கொண்டு வந்து கொடுத்ததல்ல இது. ஒரு சர்க்கார் உத்தரவு கொடுத்தது.

இப்போது 2025 ஒப்பந்தத்துக்கு வருவோம். சீமையின் சுங்க வாசலில் நம் ஷூவுக்கு நூற்றுக்கு 16 வரையிலும், பெரும்பாலான துணிமணிக்கு நூற்றுக்கு 12ம் வரி இருந்தது. ஒப்பந்தப்படி இது பூஜ்யமாகும். ஆம்பூருக்கும் திருப்பூருக்கும் இது நல்லதுதான். நல்லதை நல்லது என்று சொல்வதில் நமக்குக் கூச்சமில்லை.

ஆனால் எந்தச் சரக்குக்கு பிரிட்டன் கதவைத் திறக்கவில்லை தெரியுமா? சர்க்கரைக்கும் தீட்டிய அரிசிக்கும்! கோழி, முட்டை, பன்றி இறைச்சி ஆகியவற்றையும் விலக்கி வைத்துவிட்டார்கள். மூங்கில்துறைப்பட்டு ஆலையிலும் இதே கச்சிராயபாளையம் ஆலையிலும் நாம் மூட்டை பிடிக்கிற சர்க்கரைக்குச் சீமையில் பழைய வரிதான். அங்கேயும் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கிற விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் சர்க்காரை விடவில்லை. நம் சர்க்காரும் பாலையும் ஆப்பிளையும் இந்த ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆக, "தாராள வர்த்தகம், யாரையும் காப்பாற்ற முடியாது" என்று நம்மிடம் சொல்லுகிறவர்கள் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள்? காப்பாற்ற முடியும் என்று இரண்டு சர்க்கார்களும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன.

சர்க்கரை விஷயத்தில் இன்னொன்று. சீமைக்காரனை மட்டும் குறை சொல்ல முடியாது. 2022 ஜூன் முதல் இந்திய சர்க்காரே சர்க்கரை ஏற்றுமதியைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. 2023-24 பருவத்தில் அனுமதியே இல்லை. 2025 ஜனவரியில்தான் 10 லட்சம் டன்னுக்கு அனுமதி கொடுத்தது. உள்நாட்டில் விலை ஏறக்கூடாது என்பது காரணம். சர்க்கரை வாங்குகிறவர்களில் நாமும் இருக்கிறோம், அந்த நியாயத்தை மறுக்கவில்லை. ஆனால் விலையைப் பிடித்து வைக்கிற பாரத்தைக் கரும்பு விவசாயியும், அவனிடம் டன் கணக்கில் கூலி வாங்குகிற வெட்டாளும் மட்டும் சுமப்பது என்ன நியாயம்?

ஸ்காட்லாந்து விஸ்கிக்கு நாம் போட்ட 150 சதவீத வரி உடனே 75 ஆகி, பத்து வருஷத்தில் 40 ஆகும். பங்களாக்காரனுக்கு விலை இறங்கும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த ஊர் இது. அதற்கு மேல் இங்கே ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஒப்பந்தத்தோடு சேர்ந்த தனி உடன்பாட்டில், இங்கிருந்து அங்கே சில காலம் வேலைக்கு அனுப்பப்படும் கம்பெனி ஊழியருக்கு அங்கத்திய சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்ட வேண்டாம் என்று ஏற்பாடு. ஊழியருக்கும் மிச்சம், கம்பெனிக்கும் மிச்சம். இங்கேயே சந்தா கட்டினால் போதும். நல்ல ஏற்பாடு. இங்கே மேஸ்திரி கையில் கூலி வாங்கும் வெட்டாளுக்குச் சந்தா கட்டுவது யார் என்று ஒரு ஷரத்தும் இல்லை, இருக்கவும் முடியாது. அதை நாம் இங்கே கேட்டுப் பெற வேண்டும்.

கடைசியாக அந்தப் பன்னிரண்டு ரூபாய். நூறு ரூபாய்ப் பனியனுக்கு 12 ரூபாய் வரி போனால், அந்தப் பணம் எங்கே போகும்? லண்டன் கடைக்காரன் விலையைக் குறைத்துக் கேட்பான். திருப்பூர் முதலாளி, "பங்களாதேஷ் துணி ஏற்கெனவே வரியில்லாமல் போகிறது, அதோடு போட்டி போட எனக்கே இது வேண்டும்" என்பார். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் மூன்றாவது கையும் ஒன்று உண்டு, ஊசி பிடிக்கிற கை. ஒப்பந்தத்தில் வரி எவ்வளவு குறைகிறது என்று அட்டவணை அட்டவணையாக எழுதியிருக்கிறது. மிச்சத்தில் தொழிலாளிக்கு எத்தனை பைசா என்று எந்த அட்டவணையிலும் இல்லை. அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் இந்த 12 ரூபாயும் மேஜைமேல் வரவேண்டும். நம் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் அங்கே போயிருக்கிறார்கள். பொங்கலுக்கு வரும்போது உட்காரவைத்துக் கேளுங்கள்: சீமைக்குப் போகிற பனியனுக்குப் பீஸ் ரேட் என்ன, போன வருஷம் என்ன, இந்த வருஷம் என்ன?