ஆலயங்களுக்கு வரிவிலக்கு: சலுகையா, பொறுப்பா?

(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

சிராங்கூன் சாலையில் வழிபாடு முடித்து வெளிவரும் அன்பர்களிடையே ஒரு வினா அடிக்கடி எழுவதுண்டு. "முதியோர் இல்லத்திற்கு நூறு வெள்ளி கொடுத்தால் வருமான வரியில் கழிவு கிடைக்கிறது. அம்மன் உண்டியலில் அதே நூறு வெள்ளியை இட்டால் கழிவு இல்லையே, இது முறைதானா?" என்பர் சிலர். வேறு சிலரோ, "சாலையோரக் கடைக்காரர் வரி கட்டுகிறார், அதே சாலையிலுள்ள கோயில் ஏன் கட்டுவதில்லை?" என்பர். இவ்விரண்டு வினாக்களையும் சேர்த்து ஆராய்ந்தால்தான் உண்மை விளங்கும்.

சமய நிறுவனங்களுக்கு வரிவிலக்கு அளிப்பது தமிழர்க்குப் புதியதன்று. சோழர் காலத்தில் கோயிலுக்கு அளித்த நிலம் தேவதானம் எனப்பட்டது. வரி நீக்கப்பட்ட நிலம் இறையிலி எனப்பட்டது. அரசன் தனக்குரிய இறையை விட்டுக்கொடுக்க, அது திருவிளக்குக்கும் திருவமுதுக்கும் பயன்பட்டது. பௌத்த, சமணப் பள்ளிகளுக்குப் பள்ளிச்சந்தம் என்ற பெயரில் நிலம் வழங்கியதையும் கல்வெட்டுகள் கூறுகின்றன.

விலக்கைக் கல்லில் வெட்டிய அதே முன்னோர் கணக்கையும் கல்லில் வெட்டினர் என்பதை மறத்தலாகாது. இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலில், இறைவனுக்கு அளித்த அணிகலன்களின் எடையும் அவற்றில் பதித்த முத்துகளின் எண்ணிக்கையும் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படும் தகுதியை இழப்பர் என்று அவை விதிக்கின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இத்தகைய விதியை வகுத்தவர்கள் அவர்கள்.

ஊர்க் கோயில்கள் அரசனை மட்டும் நம்பியிருந்தவையும் அல்ல. திருவிழா வந்தால் குடும்பத்திற்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கொடுப்பது சிற்றூர் வழக்கம். வணிகர் தம் தொழிலில் ஒரு பங்கை மகமை என ஒதுக்கினர். அம்மரபில் வந்த நகரத்தார் 1859-இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி ஆலயத்தை எழுப்பினர். அதற்கு முன்பே, 1827-இல், நாராயண பிள்ளை சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் ஆலயத்தை நிறுவியிருந்தார். தம் வருவாயிலிருந்து மக்கள் மனமுவந்து அளித்த பொருளே சிங்கப்பூர் ஆலயங்களுக்கு அடித்தளமாகும்.

இனி, இந்நாட்டில் இன்றுள்ள நிலையைக் காண்போர்க்குச் சில செய்திகள் தெளிவாக வேண்டும். அறநிறுவனமாகப் பதிவுபெற்ற ஆலயத்தின் வருமானத்திற்கு வரி இல்லை. முன்னர், ஆண்டு வருமானத்தில் 80 விழுக்காட்டைச் செலவிட்டால்தான் அவ்விலக்கு கிட்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2008-ஆம் வரி மதிப்பீட்டு ஆண்டு முதல் அது நீக்கப்பட்டது. பொது வழிபாட்டிற்கு மட்டுமே பயன்படும் கட்டடத்திற்குச் சொத்து வரி விலக்கு உண்டு. குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கு ஆண்டு மதிப்பில் 10 விழுக்காடு வரி என்பதை எண்ணினால், நகரின் நடுவே நிற்கும் ஓர் ஆலயத்திற்கு இவ்விலக்கு எத்துணைப் பெரிய உதவி என்பது புலனாகும். ஆயினும், ஆலயத்தின் ஒரு பகுதியைக் கடைக்கோ உணவகத்திற்கோ வாடகைக்கு விட்டால், அப்பகுதிக்கு விலக்குப் பொருந்தாது. பொருள் சேவை வரியோ எவரையும் விடுவதில்லை. 1994-இல் 3 விழுக்காடாகத் தொடங்கி 2024-இல் 9 விழுக்காடான அவ்வரியை, வாங்கும் நெய்க்கும் எரிக்கும் மின்சாரத்திற்கும் ஆலயமும் செலுத்தியே வருகிறது.

அப்படியாயின் உண்டியலில் இடும் காணிக்கைக்குக் கழிவு இல்லாதது ஏன்? இன, சமய வேறுபாடின்றி நாட்டினர் அனைவர்க்கும் பயன்படும் பணிக்கென அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கு அளிக்கும் நன்கொடைக்கே கழிவு உண்டு. 2016-ஆம் ஆண்டு முதல் அது நன்கொடையைப் போல் இரண்டரை மடங்காக இருந்து வருகிறது. ஸ்ரீ நாராயண மிஷன் நடத்தும் முதியோர் இல்லம் எல்லா இனத்தாரையும் ஏற்பதை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். வழிபாடு அத்தகையதன்று, அது ஒரு சமயத்தாருக்கு உரியது. சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தம் சமயமல்லாத பிறிதொரு சமயத்திற்கென ஒதுக்கப்படும் வரியைச் செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. ஓர் இந்துவின் காணிக்கைக்கு வரிக்கழிவு அளித்தால், அதனால் குறையும் தொகையைச் சீனரும் மலாய்க்காரரும் சேர்ந்தே ஈடுசெய்ய வேண்டிவரும். பிற சமயத்தாரின் காணிக்கைக்கும் இதுவே பொருந்தும். ஆதலால், உண்டியலுக்குக் கழிவு இன்மை தெய்வத்தை இகழ்வதாகாது. பல சமயத்தார் கூடி வாழும் நாட்டிற்கு ஏற்ற ஒழுங்கேயாகும்.

இங்கே ஒரு தடை எழலாம். "கட்டடத்திற்கு விலக்கு அளித்தாலும் அச்சுமை பிறர் தோளில்தானே ஏறும்?" என்று ஒருவர் கேட்டால், அதனை மறுத்தற்கில்லை. ஆலயத்தின் முன்னுள்ள சாலையும் காவலும் தீயணைப்புப் பணியும் அனைவருடைய வரிப்பணத்தாலும் நடப்பவை. 1970-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க் வழக்கொன்றில், வழிபாட்டிடங்களுக்குச் சொத்து வரி விலக்கு அளிப்பது சட்டத்திற்கு முரணன்று எனத் தீர்ப்பளித்தபோதும், நீதிபதிகளுள் ஒருவர் அதற்கு உடன்படவில்லை. அறிஞர்களிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு.

விலக்கு வேண்டும் என்போர் கூறும் காரணமும் வலியதே. வருமான வரி ஆதாயத்தின் மேல் விதிப்பது. ஆலயத்தில் ஆதாயத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பங்குதாரர் எவருமிலர். பக்தர் இடும் காணிக்கை முன்னரே வரி கட்டிய ஊதியத்திலிருந்து வருவது. இவற்றோடு, ஆலயம் தன் வாயிலை அனைவர்க்கும் திறந்து வைத்து, பசித்தவர்க்கு அன்னமிட்டு, இளையர்க்கு நல்வழி காட்டுமாயின், விட்டுக்கொடுத்த வரி சமுதாயத்திற்கே திரும்பி வருகிறது எனலாம். அவ்வாறு செய்யாத ஆலயத்திற்கு அக்காரணத்தைச் சொல்லிக்கொள்ளும் உரிமை குறைவு.

எனவே வரிவிலக்குப் பெற்ற ஒவ்வொரு வெள்ளியிலும், கோயிலுக்கே வராத அண்டை வீட்டாரின் பங்கும் ஒரு துளி உண்டு. பக்தருக்கு மட்டுமன்றி அவருக்கும் கணக்குக் காட்டும் கடமை நிருவாகத்தினருக்கு உண்டு. கணக்குத் தவறிய இடங்களில் நிருவாக உரிமையே கைமாறியதைச் சிங்கப்பூர் வரலாறு காட்டுகிறது. அறக்கட்டளைச் சொத்துகள் முறையாகப் பேணப்படாமையால், 1905-இல் குடியேற்ற அரசு சட்டம் இயற்றி அவற்றை ஒரு வாரியத்தின்கீழ்க் கொணர்ந்தது. அதன் வழியிலேயே 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்து அறக்கட்டளை வாரியம் அமைந்தது.

அண்மை நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. இந்நாட்டு ஆலயமொன்றின் தங்க நகைகளை அடகு வைத்த அர்ச்சகருக்கு 2023-இல் ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றம் வெளிப்பட்டது தணிக்கையினால்தான். "சிவன் சொத்து குல நாசம்" என்ற பழமொழியை அறியாதார் இலர். அச்சம் மட்டும் காவலாகாது. பூட்டும் ஏடும் இரண்டாம் கையொப்பமும் வேண்டும்.

உண்டியலைச் சாட்சிகள் முன்னிலையில் திறந்து எண்ணுதல், நகைகளை ஆண்டுதோறும் எடையிட்டுச் சரிபார்த்தல், தணிக்கை செய்த கணக்கை உரிய காலத்தில் அறநிறுவன ஆணையாளருக்கு அனுப்பி உறுப்பினர் பார்வைக்கும் வைத்தல் ஆகியவை பூசைக்குப் புறம்பான அலுவலகச் சடங்குகள் அல்ல, அவையும் இறைபணியே. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கைப் பற்றி வினவும் உறுப்பினரைக் குறை காண்பவராகக் கருதலாகாது. கேட்பது பக்தரின் உரிமை. வாராதிருந்து, பின் வெளியில் நின்று பேசுவது அவருக்கு அழகன்று.

அரசு விட்டுக்கொடுத்த இறையை அறமாகத் திருப்பிச் செலுத்தும் ஆலயம் சலுகை பெற்றதற்காக நாணவேண்டியதில்லை. அத்தகைய ஆலயமாக இத்திருக்கோயில் என்றும் விளங்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.